தெரிந்து சாப்பிடுகிறாரா?

போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அனிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த நர்ஸ் அவள். புதன்கிழமை பதினொரு மணி என்றால் மனநலப் பிரிவு ஓ.பி.யில் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. அந்த நேரத்தில் கூப்பிடுகிறாள் என்றால் ஏதோ கலவரம் என்று நினைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"மேடம், புது ஃபார்ம் வந்திருக்கு. எல்லாம் டேப்லதான் ஏத்தணுமாம். மனச்சிதைவு உள்ளவங்க ஒவ்வொருத்தருக்கும் சமூக விவரம், நோய் விவரம்னு பக்கம் பக்கமா கேள்வி. வயசு, படிப்பு, கல்யாணம், தொழில், நோய் எப்ப ஆரம்பிச்சுது, மாத்திர ஒழுங்கா சாப்பிடுதாங்களா... அதெல்லாம் சரி. நம்ம பழைய நோட்டுல இருக்கே, அந்த இன்னொரு கட்டம், அது இதுல இல்ல. அத எங்கன போட?"

"எந்தக் கட்டம்ட்டி?"

"அதான் மேடம், கையால கோடு போட்டு 'தெரிந்து சாப்பிடுகிறாரா?'ன்னு எழுதி வச்சிருக்கீங்கல்லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மேலிடத்துல இருந்து வந்த கட்டம் இல்ல தாயி. நான் செஞ்ச ஒரு கோட்டித்தனத்தால வந்த கட்டம்" என்றேன். கோட்டி என்றால் எங்கள் பக்கத்தில் பைத்தியம்.

"அப்ப அத எழுதித் தாங்க மேடம், எங்களுக்கும் தெரியட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, "எழுதேன். ஒனக்கு இப்ப வீட்ல சும்மா இருக்கிறதுதான வேல" என்றார். அந்தச் 'சும்மா'வுக்கு அன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை. அந்த வார்த்தை எனக்கு ஏன் ஆகாது என்பதும் இந்தக் கதையில் வரும்.

என் பெயர் கனகமணி. முப்பது வருடத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். படிப்பு, பிரசவ வார்டு, சர்ஜரி வார்டு, இரண்டு பிள்ளைகள், நாலு ஊர் மாற்றல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறேன். மனநலப் பிரிவுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. காலில் நரம்பு சுருண்டு கொண்டதால், உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சென்னையில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்து, தென்காசிப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது, கட்டடத்துக்கு எதற்குக் கெட்ட பெயர்?

எங்கள் அறை முன்பு எக்ஸ்ரே ஃபிலிம் அடுக்கி வைத்த ஸ்டோர் ரூம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மேஜை மேல் அகலமான நோட்டு ஒன்று. மனச்சிதைவு என்று டாக்டர் முடிவு செய்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரிசை. கேள்வியைக் கேட்டு, கட்டத்தை நிரப்பி, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நான் வேகத்தில் கெட்டிக்காரி. ஒரு வரிசையை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவேன். அந்த வேகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

நிரப்பி நிரப்பி எனக்கே சில விஷயங்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. நோய் பெரும்பாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில், வேலைக்குப் போகிற, கல்யாணம் பேசுகிற வயதில் வந்திருக்கும். ஆண்களில் நிறையப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. பெண்களில் நிறையப் பேர் கல்யாணமாகித் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பார்கள். எங்களிடம் வருமுன் இரண்டு கோயில், ஒரு தர்கா, ஒரு சர்ச், ஒரு மந்திரவாதி ஆகியிருக்கும். கூட வருவது அம்மா, இல்லாவிட்டால் அக்கா. சினிமாவில் காட்டுகிற மாதிரி கத்தியைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்ததில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால்கூட எழுந்திருக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த அறைக்குத்தான் டாக்டர் ரேவதி வந்து சேர்ந்தார். ஈரோட்டுப் பக்கத்துப் பெண். என் மூத்த மகளைவிட இரண்டு வயதுதான் கூட. வந்த முதல் நாளே நாற்காலியை மேஜைக்கு எதிரே இருந்து பக்கவாட்டுக்கு இழுத்துப் போட்டார். நோயாளியும் அவரும் ஒரே பஸ் சீட்டில் உட்கார்ந்து ஊருக்குப் போகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். கூட வந்தவரின் நாற்காலி நோயாளிக்குப் பின்னால். முன்னால் உட்கார்ந்தால் அவரே எல்லாப் பதிலையும் சொல்லிவிடுவார் என்பது டாக்டரின் கணக்கு.

"காதுல சத்தம் கேக்குதா?" என்று எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார். "காலைல என்ன சாப்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பாடு, தூக்கம், குளியல், வேலை என்று போய், கடைசியில்தான் சத்தத்துக்கு வருவார். நோயாளி பேச ஆரம்பித்ததும் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிடுவார். அவர்கள் பேசி முடிக்கும்வரை அதைத் தொட மாட்டார். எல்லோருக்கும் 'ங்க'தான். ஊரே "ஏலே" என்று கூப்பிடுகிற ஆளை இவர் "வாங்கண்ணா" என்று கூப்பிடும்போது, அந்த ஆள் யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். கோபம் வந்தால் டாக்டரின் குரல் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கோபம். சத்தம் போடுகிற டாக்டர்களை நான் எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறேன். இவரைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

முதல் மாதத்திலேயே மாட்டினேன். பேச்சியம்மாள் என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். புருஷன் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தொழில் என்ன என்று கேட்டேன். "தொழில் என்ன தொழில், வீட்ல சும்மாதான் இருக்கா" என்றார் அவர். 'இல்லை' என்று எழுதி உள்ளே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"சிஸ்டர், தொழில் இல்லைன்னு இருக்குங்க. இவங்க வெரலப் பாத்தீங்களா?"

பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி புகையிலைச் சாறு ஏறிப் பழுத்துப்போய் இருந்தது. கட்டைவிரலில் கத்தரி பிடித்த காய்ப்பு. பீடி சுற்றுகிற கை. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நான் எத்தனை வீட்டு வாசலில் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன்!

"எத்தன வருஷமாச் சுத்துதீங்க?" என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "பதிமூணு வயசுலருந்து. இவுக மூட்ட தூக்கப் போய் இடுப்பு புடிச்சுப் படுத்த வருசமெல்லாம் நான்தான் சுத்துனேன்."

பின்னால் உட்கார்ந்திருந்த புருஷன் கூரையைப் பார்த்தார். டாக்டர் நோட்டை என் பக்கம் தள்ளினார். 'இல்லை'யை அடித்துவிட்டு 'பீடி சுற்றுதல்' என்று எழுதினேன். அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், இந்தச் 'சும்மா' என்கிற வார்த்தையை இனி நம்பக்கூடாது என்று. மூன்று நிமிட வரிசை எட்டு நிமிடம் ஆனது.

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் எங்கள் ஓ.பி.யே ஒரு திருவிழா. அருவியில் தலையைக் கொடுத்தால் புத்தி தெளியும் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை உண்டு. எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். தலையில் எண்ணெய் மணக்க, தோளில் ஈரத்துண்டோடு, அருவியில் இருந்து நேராக எங்கள் அறைக்கு வருவார்கள். பெஞ்சு முழுக்கத் தண்ணீர் சொட்டும். தரை கூட்டுகிற அம்மா என்னைத் திட்டுவாள், நான் வந்தவர்களைத் திட்டுவேன். டாக்டர் மட்டும் யாரையும் திட்ட மாட்டார். "நல்லாக் குளிங்க. குளிச்சாப் பசிக்கும், பசிச்சாச் சாப்பிடுவீங்க, சாப்பிட்டாத் தூங்குவீங்க. அருவிக்கும் போங்க, மாத்திரையும் போடுங்க" என்பார். இதைக் கேட்டு நிம்மதியாகி மாத்திரை வாங்கிப் போனவர்கள் ஏராளம். அருவியை விடச் சொல்லியிருந்தால் எங்களைத்தான் விட்டிருப்பார்கள்.

அப்படி ஒரு சாரல் நாளில், ஈரத்துண்டோடு வந்தவர்தான் மாரியப்பன். கூட்டி வந்தது அவருடைய அக்கா செல்லத்தாய்.

மாரியப்பனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிற வேலை. ஊர் அங்கிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். அம்மா அப்பா இல்லை. செல்லத்தாய் கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷனை இழந்து வந்தவள். அவளுக்கு அவர், அவருக்கு அவள், அவ்வளவுதான் வீடு. இருபத்தைந்து வயதில் அவருக்கு நோய் ஆரம்பித்திருக்கிறது. தராசுக்காரர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்று முதலில். பிறகு டீக்கடைக்காரர் டீயில் கைவிஷம் கலக்கிறார் என்று. செங்கோட்டைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கைவிஷம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆளைக் கெடுப்பது. அதை எடுக்கிறேன் என்று ஒருவர் பச்சிலைச் சாறு கொடுத்து, மாரியப்பன் மூன்று நாள் வாந்தி எடுத்ததுதான் மிச்சம். வெளியில் எதையும் தொட மாட்டார். அக்கா கையால் சமைத்ததை மட்டும் சாப்பிடுவார். அந்த ஒரு தட்டுதான் அவருக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை.

டாக்டர் மாத்திரை எழுதினார். இரண்டு வாரம் கழித்துச் செல்லத்தாய் மட்டும் வந்து, நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், போட மாட்டேங்கான். வாயில போட்டுக்கிட்டுக் கொல்லப்பக்கம் போய்த் துப்புதான். ராவெல்லாம் எழுந்து உக்காந்து யாருகிட்டயோ பேசுதான். நான் என்ன செய்வேன்?"

உள்ளே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "கரண்டியால நுணுக்கி, கொழம்புல கலந்து குடுத்துரு. புளிக்கொழம்புன்னா கசப்பு தெரியாது. டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்."

இதைப் படிக்கிற நர்சுகள் யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று அழகாக ஒரு டிக் போட்டேன்.

பலன் பிரமாதம். ஒரு மாதத்தில் மாரியப்பன் தூங்க ஆரம்பித்தார். சந்தைக்குப் போனார். ஓ.பி.க்கு வந்தபோது சட்டையை இஸ்திரி போட்டு வந்தார். "அருவித் தண்ணிதான் மேடம், வேற ஒண்ணுமில்ல" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நோட்டைப் பார்த்தார், 'ஆம்' இருந்தது, சிரித்துக்கொண்டார். செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதமும் சில நாளும் கழிந்து, ஒருநாள் சந்தை அரைநாள் விடுமுறை என்று மாரியப்பன் மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அடுப்படியில் அக்கா மாத்திரையை நுணுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி, பக்கத்தில் குழம்புச் சட்டி. வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டாராம்.

அடுத்த புதன்கிழமை செல்லத்தாய் வந்த கோலத்தைப் பார்த்து நானே எழுந்துவிட்டேன். மாரியப்பன் வீட்டுக்குள் வருவதே இல்லையாம். பக்கத்துத் தென்னந்தோப்பில், ஓடாத பம்ப்செட் ரூமில் போய் இருந்துகொண்டார். தோலோடு இருப்பதை மட்டும் சாப்பிடுகிறார். வாழைப்பழம், இளநீர், உரிக்காத நிலக்கடலை, மாதுளை. உரிக்கும்முன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், ஊசி குத்திய ஓட்டை இருக்கிறதா என்று. பேச்சு திரும்ப ஆரம்பித்துவிட்டது. நெஞ்செலும்பு தெரிகிறது.

"என்னப் பாத்து, 'நீயுமாக்கா?'ன்னு கேட்டான் சிஸ்டர். நீங்க சொன்னதத்தான செஞ்சேன்? ஊர்ல நாலு பேரு கயித்தோட வாரோம், கட்டிக் கொண்டுபோய் ஊசி போட்டுருவோம்ங்காவ. கட்டிட்டா அப்புறம் அவன் எனக்குத் தம்பியா இருப்பானா? சாவுற வரைக்கும் என் கைச்சோறத் தொடுவானா?"

உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"எத்தன நாளாங்க?"

"ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும் டாக்டர்."

"இங்க ஆம்னு போட்டிருக்கீங்க."

"மாத்திர உள்ள போயிருக்குல்லா டாக்டர்..."

"மாத்திர போயிருக்குங்க சிஸ்டர். அவரு சாப்பிடலீங்க."

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு இறங்கியிருந்தது. பிறகு அவரே சொன்னார்: "வேற வழியே இல்லாம இப்படிச் செய்யற வீடுங்க இருக்குங்க. ஆனா சோத்துல எதையோ கலக்கறாங்கங்கறதுதான் இவரோட நோயே. அதை நாமளே நெசமாக்கிட்டோம்." 'நாமளே' என்றார். 'நீங்களே' என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஓ.பி. முடிந்ததும் டாக்டரின் காரில் மூன்று பேரும் கிளம்பினோம். கயிறு வேண்டாம் என்று செல்லத்தாயிடம் சொல்லியாகிவிட்டது. பாவூர்சத்திரம் தாண்டும்போது டாக்டர் என்னைக் கேட்டார், "நான் சொல்லட்டுங்களா, நீங்க சொல்றீங்களா?" நான்தான் சொல்வேன் என்றேன்.

பம்ப்செட் ரூம் வாசலில், தண்ணீர்த் தொட்டித் திண்டில் மாரியப்பன் உட்கார்ந்திருந்தார். முன்னால் வாழைப்பழத் தோல் வரிசையாக அடுக்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஓடுவதற்கு வழி பார்த்தார். டாக்டர் பத்தடி தள்ளியே நின்று, "உக்காரலாங்களாண்ணா?" என்று கேட்டார். அவர் ஓடாமல் நின்றார். டாக்டர் தரையில் உட்கார்ந்தார். என் கால் நரம்பைப் பார்க்காமல் நானும் உட்கார்ந்தேன்.

"மாரியப்பன், ஒங்க சோத்துல மாத்திரயக் கலந்தது நெசம்" என்றேன். "ஒங்க அக்கா மேல தப்பு இல்ல. கலக்கச் சொன்னது நான். புளிக்கொழம்புல கலந்தா கசப்பு தெரியாதுன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். ஒங்ககிட்ட கேக்காம செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் என்னையே பார்த்தார். தொட்டியில் கையை விட்டு முகத்தைக் கழுவினார். திரும்பவும் பார்த்தார்.

"புளிக்கொழம்புலயா?"

"ஆமா."

"நெனச்சேன்" என்றார். அக்கா பக்கம் திரும்பினார். "வாரத்துல அஞ்சு நாளு புளிக்கொழம்பு வச்சா எவனுக்குத்தான் சந்தேகம் வராது? சாம்பாருன்னு ஒண்ணு உண்டும்லா ஒலகத்துல?"

முதலில் சிரித்தது டாக்டர்தான். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அழுதுகொண்டிருந்த செல்லத்தாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாரியப்பன் சிரிக்கவில்லை. ஆனால் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்ப நான் கோட்டிக்காரன் இல்ல?"

"புளிக்கொழம்பு விஷயத்துல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிங்கண்ணா" என்றார் டாக்டர்.

"மத்ததெல்லாம்?"

"டீக்கடைல என்ன நடந்துச்சு, தராசுக்காரர் என்ன பேசினாருன்னு நான் பாக்கலைங்க. பாக்காததச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ரெண்டு மாசமா ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு? அது ஒங்களுக்குத்தான் தெரியும்."

மாரியப்பன் வாழைப்பழத் தோல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அடுக்கினார். எனக்கு வாய் அரித்தது. டாக்டர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். தென்னை ஓலையில் காற்று போய்வந்துகொண்டிருந்தது.

"ஒறக்கம் வந்துது" என்றார் கடைசியில். "அந்தப் பேச்சு கொறஞ்சுது. சந்தைல அவனவன் அவனவன் காரியத்தத்தான் பேசுதான்னு தோணிச்சு." நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து, "அவ்ளோ நல்ல மாத்திரன்னா நீங்க ஒண்ணு போடுங்க பாப்போம்" என்றார்.

இருந்த குற்ற உணர்ச்சியில் நான் கையை நீட்டிவிட்டேன். டாக்டர் தடுத்தார். "அவங்களுக்கு அந்த நோய் இல்லைங்கண்ணா. போட்டாங்கன்னா நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. அப்புறம் ஓ.பி.ல சீட்டு எழுத நீங்கதான் வரணும்."

பிறகு அந்த மாத்திரை என்னவெல்லாம் செய்யும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பசி கூடும், எடை ஏறும், காலையில் மந்தமாக இருக்கும், கை நடுங்கலாம், நடுங்கினால் உடனே வரவேண்டும். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவது என் வழக்கம். கெட்டதையும் சேர்த்துச் சொன்னபோதுதான் மாரியப்பன் காது கொடுத்ததை அன்றைக்குப் பார்த்தேன். பிரிக்காத அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"போடுவேன்னு சொல்லல."

"சொல்ல வேண்டாங்கண்ணா."

"நீ ஆக்குற சோறு எனக்கு வேண்டாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் திரும்பினோம்.

அடுத்த புதன்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் செல்லத்தாய் மட்டும் வந்தாள். "வீட்டுக்கு வந்துட்டான் சிஸ்டர். ஆனா அடுப்ப அவன் எடுத்துக்கிட்டான். என்ன அடுப்படிக்குள்ள விட மாட்டேங்கான். அவனே ஆக்கி அவனே திங்கான். மாத்திர போடுதானா இல்லயான்னு தெரியல."

"கேக்காத" என்றேன். நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்றாவது புதன்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். மாரியப்பன் என் மேஜை மேல் காலி அட்டையை வைத்தார். "எண்ணிக்கிடுங்க" என்றார். அட்டை முழுக்கப் பள்ளம்தான் இருந்தது. செல்லத்தாய் முகத்தில் வேறொரு சேதி இருந்தது. "நேத்து எனக்கும் சோறு போட்டான் சிஸ்டர்! போடுததுக்கு முன்ன, அதுல என்னென்ன போட்டிருக்குன்னு உப்பு வரைக்கும் சொல்லிட்டுத்தான் போட்டான். இனி நான் ஆக்குனாலும் அப்படித்தான் சொல்லணுமாம்."

அன்றைக்குத்தான் டாக்டர் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். பேனாவை என்னிடம் நீட்டி, "நீங்களே எழுதுங்க சிஸ்டர்" என்றார். 'தெரிந்து சாப்பிடுகிறாரா?' என்று எழுதினேன். மாரியப்பனுக்கு நேரே 'ஆம்'. அந்த ஒரு டிக் போட எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

பிறகு மற்ற குடும்பங்களையும் கேட்க ஆரம்பித்தோம். அடேயப்பா! இட்லி மாவில் ஒரு வீடு, காபியில் நாலு வீடு, பாயசத்தில் ஒரு வீடு, அல்வாத் துண்டுக்கு நடுவில் ஒரு வீடு. எல்லோரும் பாசத்தில்தான் செய்தார்கள். ஒவ்வொரு வீடாகப் பேசி, நிறைய இடங்களில் ஒளிவு மறைவு போனது. சில இடங்களில் கடைசிவரை முடியவில்லை. அங்கே 'இல்லை' என்றே எழுதினோம். பொய் 'ஆம்' போடுவதில்லை என்று நானும் டாக்டரும் தீர்மானித்திருந்தோம்.

செல்லத்தாய் ஆக்கிய சோற்றை மாரியப்பன் தொட இன்னும் இரண்டு மாதம் ஆனது. முதல் நாள் அவள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் பரிமாறியிருக்கிறாள். அவர் பாதி சாப்பிட்டபோது, "பெருங்காயத்தச் சொல்ல விட்டுட்டேன்லே!" என்று அடுப்படியில் இருந்து ஓடி வந்தாளாம். அவர் சிரித்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நான் முப்பது வருடம் வாங்கிய சம்பளம் எல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

நோய் ஓடிப்போய்விடவில்லை. நடுவில் ஒரு மழைக்காலத்தில் திரும்ப ஒரு தடவை தலை தூக்கியது. அவரே அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "சத்தம் கூடுது மேடம்" என்றார். எடை ஏறியது. மூட்டை தூக்க முடியாமல், இப்போது சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிறார். தராசுக்காரர் இன்றைக்கும் சில நாட்களில் இவரைப் பற்றிப் பேசுகிறார். "பேசுனாப் பேசட்டும், அவன் வாய்தான வலிக்கும்" என்பார்.

டாக்டர் ரேவதி மாற்றலாகிப் போனார். நானும் ஓய்வு பெறும் நாள் வந்தது. என் கடைசிப் புதன்கிழமை, கேக் வெட்டி, சால்வை போட்டு, அனிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும்போது, கதவோரம் ஒரு பெரிய தூக்குவாளி தெரிந்தது. பின்னால் மாரியப்பனும் செல்லத்தாயும். வாளியைத் திறந்ததும் அறை முழுக்கக் கூட்டாஞ்சோற்று மணம். சந்தைக்குப் போகாமல் காலையில் இருந்து அவரே நின்று ஆக்கியிருக்கிறார்.

தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தார். நான் கையை வைக்கப் போனேன்.

"பொறுங்க சிஸ்டர்" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்தார். "அரிசி. தொவரம்பருப்பு. கத்திரிக்கா, வாழக்கா, சீனியவரக்கா, முருங்கக்கா. முருங்கக்கீர. ஒரு மாங்கா. தேங்கா, சீரகம், சின்ன வெங்காயம், வத்தல், மஞ்சப்பொடி. புளி கொஞ்சம்." புளி என்றபோது என்னைப் பார்த்து ஒரு நிமிடம் நிறுத்தினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லெண்ண. கறிவேப்பில. உப்பு. பெருங்காயம்."

அக்காவைத் திரும்பிப் பார்த்தார். வேறொன்றும் விடவில்லை என்று அவள் தலையாட்டினாள்.

"அவ்ளோதான் சிஸ்டர். இப்ப தெரிஞ்சு சாப்பிடுங்க" என்றார்.

சாப்பிட்டேன்.